செத்தால் எத்தனை நிமிஷம்?

போன இதழில் யாருக்கோ பதில் சொல்லும்போது, 'போர் கேம்களில் நிஜத்துக்குக் கிட்டே இருப்பது நடை மட்டும்தான்' என்று போகிறபோக்கில் எழுதிவிட்டேன். இத்தனை கடிதம் வரும் என்று தெரிந்திருந்தால் இன்னும் விஷமமாக எழுதியிருப்பேன். இந்த முறை பக்கம் முழுக்கத் துப்பாக்கிக்காரர்களுக்கே. மோர்க்குழம்பு ஏன் திரிகிறது என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்கவும்.

'ரியலிஸ்டிக்' கேம் பெரிசா, 'ஆர்கேட்' கேம் பெரிசா என்று ஹாஸ்டலில் தினமும் சண்டை சார். முதலில் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒரே வரியில் சொல்லுங்களேன்.
– இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு, கோவை

செத்த பிறகு மறுபடி சுட எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். ஒரு வரி முடிந்தது, மீதி இலவசம்.

துப்பாக்கியின் துருவையும் சீருடையின் தையலையும் இப்போது எல்லோருமே பிரமாதமாக வரைந்துவிடுகிறார்கள். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 'கால் ஆஃப் டூட்டி'யில் செத்தால் ஒரு தும்மல் போடுவதற்குள் மறுபிறவி. சுட்டவன் எங்கே நின்று எப்படிச் சுட்டான் என்று அவன் கண் வழியாகவே ரீப்ளே வேறு. 2001-ல் செக் நாட்டு பொஹீமியா இன்டராக்டிவ் கம்பெனி 'ஆபரேஷன் ஃப்ளாஷ்பாயின்ட்' என்று ஒன்றைச் செய்தது. ஒரு மிஷனுக்கு ஒரே ஒரு சேவ். முதல் தடவை லாரியில் ஏறினேன், இறங்கினேன், புல்வெளியில் இருபது நிமிஷம் நடந்தேன். எங்கிருந்தோ 'டப்' என்றது. முடிந்தது. சுட்டவன் எந்தப் புதரில் இருந்தான் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இருந்த ஒரே 'சேவ்'வையும் ஆர்வக்கோளாறில் லாரியில் ஏறும்போதே செலவழித்திருந்தேன்.

மறுபடி லாரி, மறுபடி இருபது நிமிஷம். ஆனால் இந்தத் தடவை அந்தப் புல்வெளியை நான் நிமிர்ந்து கடக்கவில்லை. என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே குனிந்தேன்! மற்ற கேம்களில் ஆயிரம் தடவை செத்திருக்கிறேன், ஒரு தடவைகூடக் குனிந்ததில்லை.

பப்ஜியில் முதுகில் மாட்டிய தோசைக்கல் குண்டைத் தடுக்கிறதே, நிஜத்திலும் தடுக்குமா?
– பத்தாம் வகுப்பு, மதுரை (அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்)

அது பிடி வைத்த ஃப்ரையிங் பேன், தம்பி. தோசைக்கல்லாகவே இருந்தாலும் ரைபிள் குண்டு அதைத் துளைத்துக்கொண்டு உன்னையும் விசாரித்துவிட்டுத்தான் போகும். பப்ஜியில் மட்டும் அதற்கு அழிவே கிடையாது. எத்தனை குண்டு பட்டாலும் 'டங்'கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

இதில் ருசியான விஷயம் வம்சாவளி. மேலே சொன்ன செக் கம்பெனி பிற்பாடு 'ஆர்மா' என்ற வரிசையைத் தொடங்கியது. கறாரென்றால் அப்படிக் கறார். ஓடினால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் கை ஆடும், கை ஆடினால் குறி தப்பும். 2009-ல் வந்த 'ஆர்மா 2'வை எடுத்து, நியூசிலாந்து ராணுவத்தில் இருந்த டீன் ஹால் 2012-ல் 'டேஇசட்' என்ற மாற்று விளையாட்டைச் செய்தார். அதை எடுத்து பிரெண்டன் கிரீன் என்ற அயர்லாந்துக்காரர், கடைசியில் ஒருவன் மட்டும் மிஞ்சும் ஆட்டமாக மாற்றினார். அவர் இணையத்தில் வைத்துக்கொண்ட புனைபெயர்தான் பப்ஜியின் முதல் முழுப்பெயரில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆக, கதர் கட்டிய தாத்தாவின் பேரன்தான் இப்போது பூப்போட்ட சட்டையும் கூலிங் கிளாஸுமாக, முதுகில் சட்டியோடு திரிகிறான்.

நம் நாட்டில் 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலைத் தடை செய்தார்கள். 2021-ல் அது பெயர் மாற்றிக்கொண்டு வந்தபோது ரத்தத்தைப் பச்சை நிறமாக்கியிருந்தார்கள். சட்டி குண்டைத் தடுக்கலாம், ஆட்சேபம் இல்லை; ரத்தம் மட்டும் சிவப்பாக இருக்கக் கூடாது. அதோடு 18 வயதுக்குக் கீழே நாளைக்கு மூன்று மணி நேரம்தான் என்று விதியும் போட்டார்கள். இதை அம்மா படிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

சைலன்சர் மாட்டினால் 'ப்ச்' என்றுதான் கேட்குமா?
– திண்டுக்கல்

'ப்ச்' என்று கேட்க வேண்டுமானால் மாலை நாலரைக்கு மேல் ஏதாவது ஒரு கவுன்ட்டரில் போய் நிற்க வேண்டும். சைலன்சர் போட்ட ரைபிளுக்குப் பக்கத்தில் நிற்பவர் காதைப் பொத்திக்கொள்வதே நல்லது. குண்டு ஒலியைவிட வேகமாகப் போவதால் வரும் சாட்டையடிச் சத்தத்தை எந்தக் குழாயும் அடக்காது.

என் தம்பி கேமில் நாலு குண்டு வாங்கிவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி மூச்சு விட்டால் எல்லாம் ஆறிவிடுகிறது. அந்தச் சுவர் எங்கள் வார்டுக்குக் கிடைக்குமா?
– ஸ்டாஃப் நர்ஸ், சேலம்

டெண்டர் விட்டால் எல்1 யாருக்கு என்று இழுத்தடிப்பார்கள், சிஸ்டர்.

அந்தச் சுவர் 'கால் ஆஃப் டூட்டி' வரிசைக்குள் வந்தது 2005-ல், இரண்டாம் பாகத்தில். அதற்கு முன் தரையில் கிடக்கும் மருந்துப் பெட்டியைத் தேடி எடுக்க வேண்டும். அதில் கேம் செய்கிறவருக்கு ஒரு தலைவலி இருந்தது. அடுத்த அறைக்குள் நுழைகிறவன் முழு உடம்போடு வருகிறானா, கடைசி மூச்சோடு வருகிறானா என்று அவருக்குத் தெரியாது. முதலாமவனுக்குக் கடினமாக வைத்தால் இரண்டாமவன் வாசலிலேயே விழுவான். அவனுக்காக இறங்கி வந்தால் முதலாமவன் கொட்டாவி விடுவான். சுவர் வந்ததும் பிரச்னை தீர்ந்தது. எல்லோரும் ஒவ்வொரு சண்டைக்கும் குளித்து முழுகிப் புதுசாக வருகிறார்கள். வைத்தியம் யாருக்கு என்றால் நோயாளிக்கு இல்லை, கதாசிரியருக்கு.

அதே ஆண்டு வந்த 'பேட்டில்ஃபீல்ட் 2' இன்னும் ஒரு படி மேலே போனது. டாங்கி குண்டில் தூக்கி எறியப்பட்டவனைக்கூட, இஸ்திரிப்பெட்டி மாதிரி இரண்டு தகட்டை மார்பில் அழுத்தி எழுப்பிவிடலாம். நின்றுபோய்க் கோடாகிவிட்ட இதயத்துக்கு ஷாக் கொடுப்பதில்லை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

உங்களுக்குப் பிடிக்கக்கூடியது வேறொன்று. அமெரிக்க ராணுவம் ஆள் சேர்ப்பதற்காகத் தானே காசு போட்டு 2002 ஜூலை 4 அன்று 'அமெரிக்காஸ் ஆர்மி' என்ற இலவச கேமை வெளியிட்டது. அதில் மருத்துவ உதவியாளர் ஆக வேண்டுமென்றால் வகுப்பறையில் உட்கார்ந்து பாடம் கேட்டு, தேர்வு எழுதித் தேற வேண்டும். சொந்த ஆளைச் சுட்டால் லெவன்வொர்த் ராணுவச் சிறை அறையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடும், சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். சட்டதிட்டம் எல்லாம் இவ்வளவு நிஜமாக வைத்தவர்கள் ஒரே ஒரு மந்திரம் செய்தார்கள்: இரண்டு அணியின் கண்ணுக்கும் தாங்கள்தான் அமெரிக்கர்கள், எதிரே நிற்பவன்தான் எதிரி. எதிரி வேஷம் கட்ட ஒரு ஆள்கூடத் தேவைப்படவில்லை. இருபது வருஷம் ஓடி 2022-ல் மூடினார்கள்.

ஒரு கொசுறு. கேம்களின் மருந்துப் பெட்டியில் சிவப்புச் சிலுவையை வரையக் கூடாது. ஜெனீவா ஒப்பந்தப்படி அது பாதுகாக்கப்பட்ட சின்னம். ஒரு சிறைச்சாலை கேமில் பொம்மை ஆம்புலன்ஸ்மேல் இத்துனூண்டு சிலுவை இருந்ததற்குப் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கம் கடிதம் எழுதி, 2017-ல் அது பச்சையாயிற்று. ரத்தம், சிலுவை எல்லாம் கடைசியில் பச்சைக்குத்தான் வந்து சேர்கின்றன.

குண்டு போய்ச் சேரும் நேரத்தை இந்த கேம்கள் கணக்கில் எடுக்கின்றனவா? வகுப்பில் உதாரணம் சொல்லலாமா என்று யோசிக்கிறேன்.
– இயற்பியல் ஆசிரியர், தென்காசி

தாராளமாகச் சொல்லுங்கள் ஐயா. பையன்கள் முதல்முறையாக நிமிர்ந்து உட்காருவார்கள்.

'கவுன்ட்டர் ஸ்ட்ரைக்' மாதிரி கேம்களில் குண்டே கிடையாது. விசையை அழுத்தியதும் கம்ப்யூட்டர் ஒரு நேர்கோடு போடுகிறது. கோட்டில் எவன் நிற்கிறானோ அவன் காலி. நேரம் பூஜ்யம். 'ஆர்மா'வில் குண்டு உண்மையிலேயே பறக்கும், காற்றில் வேகம் இழக்கும், தாழும். ஏகே 47-ன் குண்டு குழாயை விட்டுக் கிளம்பும்போது நொடிக்குச் சுமார் 715 மீட்டர். முந்நூறு மீட்டர் தள்ளி ஒருவன் குறுக்கே ஓடுகிறான் என்றால் குண்டு போய்ச் சேர அரை நொடி ஆகும். அதற்குள் அவன் இரண்டு மூன்று மீட்டர் நகர்ந்திருப்பான். எனவே ஆளைப் பார்த்துச் சுடக் கூடாது, ஆள் வரப்போகும் இடத்தைப் பார்த்துச் சுட வேண்டும். மினி பஸ் பிடிக்க ஓடும்போது நாம் செய்வதும் அதைத்தான்.

சுடப்படுகிறவன் பக்கம் இன்னும் சுவாரஸ்யம். காதோரம் சாட்டை சொடுக்கின மாதிரி 'படார்' முதலில் வரும். துப்பாக்கியின் 'டும்' பிறகு, பின்தங்கி வரும். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று எண்ணத் தெரிந்தவன், சுட்டவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று ஊகித்துவிடுவான். மின்னலுக்கும் இடிக்கும் நீங்கள் போடும் கணக்கின் ஒன்றுவிட்ட தம்பி.

மேகசின் சமாசாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முப்பது குண்டு மேகசினில் ஏழு சுட்டுவிட்டு ரீலோடு செய்தால், ஆர்கேட் கேமில் மீதி இருபத்து மூன்றும் எங்கேயோ பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சித்திரகுப்தன் உள்ளே உட்கார்ந்து உதிரிகளைக் கூட்டி, முப்பது முப்பதாகக் கட்டிக் கொடுக்கிறான். 2006-ல் வந்த 'ரெட் ஆர்கெஸ்ட்ரா'வில் அவனுக்கு வேலை இல்லை. பாதி தீர்ந்த மேகசின் பாதியாகவே பைக்குள் போகும், பாதியாகவே திரும்பி வரும். எத்தனை மிச்சம் என்று திரையில் எண்ணும் இருக்காது. 'கனமாக இருக்கிறது', 'லேசாக இருக்கிறது' என்று மட்டும் சொல்லும். கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்த்து 'தீபாவளி வரைக்கும் தாங்கும்' என்கிறோமே, அந்த விஞ்ஞானம்.

வாட்ஸ்அப்பில் வந்த போர் வீடியோவைக் குடும்ப குரூப்பில் போட்டேன். 'சித்தப்பா, அது கேம்' என்று மானத்தை வாங்கிவிட்டாள் அண்ணன் மகள். எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், கும்பகோணம்

வருத்தப்படாதீர்கள், நல்ல கூட்டத்தில்தான் இருக்கிறீர்கள். 2011-ல் பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சி, ஐஆர்ஏ என்ற அயர்லாந்து ஆயுத இயக்கம் ஹெலிகாப்டரைச் சுட்டு வீழ்த்திய காட்சி என்று ஆவணப்படத்தில் காட்டியது 'ஆர்மா 2'வைத்தான்.

'ஆர்மா 3' வந்த பிறகு உலகில் எங்கே சண்டை நடந்தாலும் அதன் துண்டு வீடியோ ஒன்று கூடவே கிளம்பிவிடுகிறது. தொல்லை தாங்காமல் 2022-ல் அந்த செக் கம்பெனியே அடையாளங்களைச் சொல்லி அறிக்கை விட்டது: படம் மங்கல், கேமரா ஆட்டம், பெரும்பாலும் இருட்டு, சத்தம் இல்லை, ஆட்கள் அதிகம் தென்பட மாட்டார்கள். கவனித்தீர்களா, தெளிவாக இருந்தால் கேம் என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும். நிஜம் மாதிரி தெரிய வேண்டுமானால் கஷ்டப்பட்டு வரைந்ததை எல்லாம் கெடுக்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கஷ்டமும் சாதாரணமில்லை. 'ஆர்மா 3' நடக்கும் தீவு கிரீஸின் லெம்னோஸ் தீவை அச்சாக வைத்து வரைந்தது. 2012-ல் அங்கே போயிருந்த கம்பெனி ஊழியர்கள் இரண்டு பேரை, ராணுவ இடங்களைப் படம் எடுத்ததாகப் பிடித்து உள்ளே வைத்தார்கள். விடுமுறைக்கு வந்தோம் என்று அவர்கள் சொன்னது எடுபடாமல் நாலு மாதத்துக்கு மேல் கம்பி எண்ணினார்கள். பிற்பாடு கேமில் தீவின் பெயரை 'ஆல்டிஸ்' என்று மாற்றிவிட்டார்கள்.

மகன் விளையாடேக்குள்ளே ஹெலி சத்தம் வந்தால் நான் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவேன். 'அம்மா, இது கேம்' என்று சிரிக்கிறான். இதுவும் ரியலிசமோ?
– யாழ்ப்பாணம்

ஆம், அம்மா. நிஜ இயந்திரத்துக்குப் பக்கத்தில் மைக் வைத்துப் பதிவு செய்கிறார்கள். ஹெட்போன் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

பெரும்பாலான போர் கேம்களில் ஊர் இருக்கும், வீடு இருக்கும், கொடியில் துணிகூடக் காயும். அந்தத் துணிக்குரியவர்கள் இருக்க மாட்டார்கள். 2014-ல் போலந்தின் 11 பிட் ஸ்டுடியோஸ், சரயேவோ முற்றுகையை மனதில் வைத்து 'திஸ் வார் ஆஃப் மைன்' என்று ஒன்று செய்தது. அதில் நாம் சிப்பாய் இல்லை, வீட்டுக்குள் இருக்கும் சனம். பகலில் வெளியே தலை காட்ட முடியாது. இரவில் ஒருவரை அனுப்பி மருந்தும் டின் சாப்பாடும் தேட வேண்டும். யாரை அனுப்புவது என்று நாம்தான் சொல்ல வேண்டும். மகன் அதை விளையாடிப் பார்க்கட்டும். நீங்கள் அந்த நேரம் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

24 வருஷ சர்வீஸ், ஹவில்தாராக ரிட்டயர்ட். பேரன் விளையாடும் கேமில் ஒருவனும் சென்ட்ரி நிற்பதில்லை, குழி தோண்டுவதில்லை, லீவுக்கு மனு போடுவதில்லை. எந்த நாட்டு ராணுவம் ஐயா இது?
– வேலூர்

கேன்டீன் கோட்டாவே இல்லாத ராணுவம், ஐயா. சேர்ந்துவிடாதீர்கள்.

ஆனால் நிஜ ராணுவங்களும் இந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்திருக்கின்றன. 1996-ல் அமெரிக்க மரைன் படை 'டூம் 2'வின் பேய் பிசாசுகளை எடுத்துவிட்டு, நாலு பேர் சேர்ந்து நகரும் பயிற்சிக்கு அதை மாற்றிக்கொண்டது. 'ஃப்ளாஷ்பாயின்ட்'டிலிருந்து 'விபிஎஸ்' என்ற பயிற்சி மென்பொருள் பிறந்து பல நாட்டு ராணுவங்களுக்குப் போனது. மவுஸைக் கிளிக் செய்து யாரும் துப்பாக்கி பழக முடியாது. யார் முன்னால் போவது, யார் பார்த்துக்கொள்வது, வயர்லெஸ்ஸில் எதைச் சுருக்கிச் சொல்வது – அதைப் பழகலாம்.

பேரனிடம் சொல்லி 'ஸ்க்வாட்' போடச் சொல்லுங்கள். அதில் மண்வெட்டி எடுத்து அரண் கட்டலாம். ஆட்டம் முழுக்க லாரி ஓட்டிச் சாமான் இறக்கிவிட்டு, ஒரு குண்டுகூடச் சுடாமல் திருப்தியாகத் தூங்கப் போகிறவர்களை அதில் நானே பார்த்திருக்கிறேன். லீவு மனு மட்டும் இன்னும் வரவில்லை.

ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, நீங்கள் எந்தக் கட்சி?
– திருப்பூர்

வார நாளில் ஆர்கேட். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் ஒரு ஆட்டம் முடியும், பத்துத் தடவை செத்திருப்பேன், சாதம் பதமாக வெந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு கறார் கேம். போன வாரம் நாற்பது நிமிஷம் வரைபடம் பார்த்தோம், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தோம், வயர்லெஸ்ஸில் ஒருவரையொருவர் 'ஓவர்' போட்டுக் கூப்பிட்டுக்கொண்டோம். பிறகு ஜீப்பைக் கிளப்பினோம். வழியில் தேங்காய் அளவில் ஒரு கல். குண்டு காற்றில் எவ்வளவு விலகும் என்று துல்லியமாகத் தெரிந்த அந்த கேமுக்கு (பெயர் சொல்ல மாட்டேன்) ஜீப்பின் எடை என்ன என்பது மட்டும் தெரியவில்லை. கல்லில் ஏறிய வண்டி தென்னைமர உயரத்துக்கு எழும்பி, நிதானமாக இரண்டு சுற்றுச் சுற்றி இறங்கியது. நாலு பேரும் காலி. எதிரி இன்னும் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தான்.

கொஞ்ச நேரம் வயர்லெஸ்ஸில் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் ஒரு நண்பர், ரொம்ப மரியாதையாக, "டிரைவர் யாரு? ஓவர்" என்றார். நான் மைக்கை அணைத்துவிட்டேன்.