வள்ளல்களே, உங்கள் கொடை வாழ்க!

ரொறன்ரோ எஃப்சி உதைபந்தாட்டக் கழக நிர்வாகப் பெருமக்களுக்கு,

நல்லது செய்தவர்களை அவர்கள் இருக்கும்போதே புகழ வேண்டும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். ஒஷாவாவில் கோ ரயில் ஏறி, ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்து, எக்ஸிபிஷன் நிலையத்தில் இறங்கி, சிவப்புச் சட்டையோடு பிஎம்ஓ ஃபீல்டு மைதானத்துக்குள் நுழையும் கூட்டத்தில் நானும் ஒருவன். அந்த உரிமையோடு உங்களைப் புகழ வந்திருக்கிறேன்.

முதலில் உங்கள் கொடை. பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான். முல்லை அவனிடம் தேர் கேட்கவில்லை, படர ஒரு கொம்புதான் தேடியது. நீங்களும் கேட்டதைக் கொடுத்தவர்கள் அல்லர், அதற்கு மேலே கொடுத்தவர்கள். எங்கள் அணிக்கு அப்போது உறுதியான பின்களம் வேண்டியிருந்தது. நீங்கள் 2022 ஜனவரியில் நாப்போலியின் தலைவர் லொரென்சோ இன்சின்யேயைக் கொடுத்தீர்கள். ஐரோப்பியக் கிண்ணம் வென்ற இத்தாலி அணியின் முன்களக்காரர், முப்பது வயதைக் கடந்தவர். ஆட்டக்காரர் சங்கம் வெளியிட்ட கணக்கில் அவரது ஆண்டு ஊதியம் சுமார் 14 மில்லியன் அமெரிக்க டொலர். நாம் ஆடும் எம்எல்எஸ் லீக் அதுவரை எவருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. அந்தக் கோடையிலேயே யுவென்டஸிலிருந்து ஃபெடரிகோ பெர்னார்டெஸ்கியும், ஜெனோவாவிலிருந்து டொமெனிகோ கிறிஷிட்டோவும் வந்து சேர்ந்தார்கள். கிறிஷிட்டோ அந்தப் பருவத்தோடு விடைபெற்றார். அவரையும் மனம் நோகாமல் அனுப்பினீர்கள்.

அடுத்தது உங்கள் வரவேற்பு. இன்சின்யே வந்திறங்கிய நாளில் பியர்சன் விமான நிலையத்தில் ரசிகர்கள் திரண்டு நின்றார்கள். 2022 ஜூலை 23ஆம் திகதி, இன்சின்யேயும் பெர்னார்டெஸ்கியும் முதன்முதலாகச் சேர்ந்து ஆடிய ஆட்டத்தில் சார்லட் அணியை 4-0 என்று வென்றோம். பெர்னார்டெஸ்கி முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டார். அன்று மாலை மைதானத்தில் உங்களைப் புகழாத வாய் இல்லை. அந்த மாலை பொய் அல்ல. அந்தக் கால்களில் இருந்த திறமையும் பொய் அல்ல.

இனி உங்கள் பொறுமை. 2023இல் 34 ஆட்டங்கள் ஆடினோம். வெற்றி 4, சமநிலை 10, தோல்வி 20. 29 அணிகள் கொண்ட லீக்கில் 29ஆவதாக வந்தோம். உடைமாற்றும் அறை இரண்டு பட்டுக் கிடக்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. நீங்கள் அசையவில்லை. சம்பள வரம்பைத் தாண்டி ஊதியம் கொடுக்க எம்எல்எஸ் ஒவ்வொரு அணிக்கும் மூன்று இடங்களைத்தான் அனுமதிக்கிறது. 2007இல் டேவிட் பெக்கம் வந்தபோது பிறந்த விதி அது. அந்த மூன்றில் இரண்டை மூன்று பருவங்களுக்கு இன்சின்யேக்கும் பெர்னார்டெஸ்கிக்கும் என்றே ஒதுக்கி வைத்தீர்கள். அவர்கள் இருந்த காலத்தில் அணி ஒருமுறைகூட பிளேஓஃப் ஆட்டத்துக்குப் போகவில்லை. இவ்வளவு பொறுமை எல்லோருக்கும் வாய்க்காது.

உங்கள் சமநீதியையும் சொல்ல வேண்டும். 2023 மே மாதம் ஒஸ்ரினில் தோற்ற பிறகு, அணியிடம் ஆட்டத் திட்டம் இல்லை என்று பெர்னார்டெஸ்கி செய்தியாளர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஆட்டத்தில் பயிற்றுநர் பொப் பிறாட்லி அவரை வெளியே இருத்தினார். ஜூன் 26ஆம் திகதி பிறாட்லியையே நீங்கள் அனுப்பினீர்கள். குறை சொன்னவருக்கும் தண்டனை, குறை கேட்டவருக்கும் தண்டனை. பிறாட்லி பயிற்றுநர் மட்டுமல்லர், ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்திருந்தீர்கள். ஒருவரை அனுப்பி இரண்டு நாற்காலிகளையும் ஒரே நாளில் வெறுமையாக்கினீர்கள். சொன்ன குறை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு ஜோன் ஹேர்ட்மன் வந்தார், 2024 முடிவதற்குள் போனார். 2025இல் றொபின் ஃபிறேசர் வந்தார். திட்டம் என்ன என்று யாரும் எழுந்து கேட்பதற்குள் திட்டம் போடுகிறவரை மாற்றிவிடும் வேகம் உங்களுடையது.

எல்லாவற்றிலும் மேலாக நான் வியப்பது உங்கள் கள்ளமற்ற மனதை. பழைய கசப்பை நீங்கள் மனதில் வைத்துக்கொள்வதில்லை. 2014 ஜனவரியில் இங்கிலாந்தின் ஜெர்மெய்ன் டிஃபோவை அழைத்து வந்தீர்கள். அவர் வருகிற செய்தி கேட்டு இங்கிலாந்துக்காரர் குடித்த தேநீரைத் துப்புவதாக விளம்பரம் எடுத்து ஊரெல்லாம் காட்டினீர்கள். 19 லீக் ஆட்டங்களில் 11 கோல் போட்டார், குறை சொல்ல முடியாத கணக்கு. ஆனால் அந்த ஆண்டும் பயிற்றுநர் பாதியில் போனார், அணி பிளேஓஃபுக்கு வெளியே நின்றது, ஓராண்டு ஆனவுடனேயே டிஃபோ சண்டர்லண்டுக்குப் போய்விட்டார். எட்டு ஆண்டுகள் கழித்து அதே வழியில், அதைவிட அகலமான கையோடு நடந்தீர்கள்.

டிஃபோ போனபோது பதிலுக்கு சண்டர்லண்டிலிருந்து வந்தவர் ஜோசி ஆல்ரிடோர். 2017 டிசம்பர் 9ஆம் திகதி சியாட்டிலுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் முதல் கோலைப் போட்டவர் அவர்தான். 2-0 என்று வென்று எம்எல்எஸ் கிண்ணம் தூக்கினோம். அந்த ஆண்டில் லீக் புள்ளிப் பட்டியலின் முதலிடத்துக்கான சப்போர்ட்டர்ஸ் ஷீல்டும் கனடியக் கிண்ணமும் நமக்கே. மூன்றையும் ஒரே ஆண்டில் வென்ற முதல் அணி நாம். அந்த அணியில் செபஸ்தியான் ஜியோவின்கோ இருந்தார். அவரும் இத்தாலியர், அவரும் யுவென்டஸிலிருந்து பெரும் ஊதியத்துக்கு வந்தவர். அவரும் சாது அல்லர். நடுவரோடு வாதாடுவார், களத்திலிருந்து மாற்றினால் முகம் சுளிப்பார், 2019இல் விலகும்போது உங்களைக் குறைகூறி எழுதிவிட்டே போனார். ஆனாலும் 2015இல் 22 கோல் போட்டு லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார்.

தொல்லை தரும் திறமைசாலியை எடுக்கலாமா, கூடாதா என்ற கேள்விக்கு விடை உங்கள் கிண்ண அலுமாரியிலேயே இருக்கிறது. ஜியோவின்கோவைச் சுற்றி ஒரு அணி இருந்தது. நடுக்களத்தைப் பூட்டி வைக்க மைக்கல் பிறாட்லி இருந்தார், பந்து கொடுக்க விக்டர் வாஸ்கெஸ் இருந்தார், பயிற்றுநர் கிறெக் வன்னிக்குப் பல ஆண்டுகள் தொடர்ந்து வேலை செய்ய இடம் இருந்தது. இன்சின்யேக்கு நீங்கள் கொடுத்தது ஊதியம் மட்டுமே. 2025 பருவத்தின் தொடக்க ஆட்டங்கள் சிலவற்றில் அவரை அணியில் சேர்க்காமலே வைத்திருந்தீர்கள். ஜூலை 1ஆம் திகதி, ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே, அவருக்கும் பெர்னார்டெஸ்கிக்கும் ஒரே நாளில் விடை கொடுத்தீர்கள்.

நீங்கள் கொண்டாடாமல் விட்டாலும் நாங்கள் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். சொந்த மைதானத்தில் 24ஆவது நிமிடம் வந்தால் தெற்குப் பக்கத்து ரசிகர்கள் எழுந்து டனி டிக்கியோவின் பெயரைப் பாடுவார்கள். 2007இல், முப்பது கடந்த வயதில், பெரிய ஆரவாரம் இல்லாமல் வந்த ஆங்கிலேயர் அவர். கழகத்தின் முதல் கோலை அந்த நிமிடத்தில் போட்டார். அன்று சனம் இருக்கைத் திண்டுகளைக் களத்துக்குள் வீசிக் கூத்தாடியது. ஜொனதன் ஒசோரியோ ரொறன்ரோவில் பிறந்து, பிரம்டனில் வளர்ந்து, உங்கள் பயிற்சிப் பள்ளியில் பழகி, 2013இலிருந்து இந்தச் சட்டையைப் போடுகிறார். கழக வரலாற்றில் அதிக ஆட்டம் ஆடியவர் அவர். அவரை வரவேற்க எவரும் விமான நிலையத்துக்குப் போனதில்லை.

பெரிய பெயரைத் தேடும் இந்த ஆசை உங்களுக்கு மட்டும் உரியதல்ல. ஸ்காபரோவிலும் ஏஜாக்ஸிலும் எங்கள் பழைய மாணவர் சங்கங்கள் நடத்தும் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகளிலும் இது நடக்கிறது. பயிற்சிக்கு ஒருநாளும் வராத, ஆனால் கால் நிறைய வித்தை உள்ள ஒரு அண்ணனை இறுதி ஆட்டத்துக்கு மட்டும் கூப்பிடுவார்கள். கோடை முழுக்க ஓடிய பொடியன் கோட்டுக்கு வெளியே நிற்பான். அந்த அண்ணன் கோல் போட்டாலும், அடுத்த ஆண்டு அந்தப் பொடியன் வேறு கழகத்துக்குப் போய்விடுவான்.

நிர்வாகப் பெருமக்களே, உங்கள் தாராளத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. இன்னொரு பெரிய பெயர் உங்கள் மேசைக்கு வரத்தான் போகிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் விடை வாங்குங்கள். அவருக்குப் பின்னால் ஓடப்போகிற பத்துப் பேர் யார்? அவர் முரண்டு பிடிக்கும் நாளில் அவரிடம் ‘இல்லை’ என்று சொல்லப்போகிற பயிற்றுநர் யார், அந்தப் பயிற்றுநரை எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள்? விடை இருந்தால் எடுங்கள், எத்தனை தொல்லைக்காரர் என்றாலும் எடுங்கள். நாங்கள் ஒஷாவாவிலிருந்து வந்து அவருக்காகத் தொண்டை கிழியக் கத்துவோம். விடை இல்லையென்றால் அந்தக் காசை வைத்து முதலில் ஒரு அணியைக் கட்டுங்கள்.