கொக்கி வாத்தியார்

கொக்கி வாத்தியார் ஆஸ்திரேலியாவின் கேரவன் பார்க்குகளில் மாலை மூன்று மணி முதல் இருட்டும் வரை தென்படுவார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். பணி ஓய்வு பெற்று, வீட்டைப் பூட்டிவிட்டோ விற்றுவிட்டோ, லேண்ட் குரூசரின் பின்னால் இருபத்திரண்டு அடி கேரவனை மாட்டிக்கொண்டு கண்டத்தைச் சுற்றக் கிளம்பியவர். அரைக்கால் சட்டை, அகலத் தொப்பி, மடக்கு நாற்காலி, கையில் பீர். நாற்காலி எப்போதும் பார்க்கின் வாசலைப் பார்த்தே போடப்பட்டிருக்கும். கடல் அவருக்கு முதுகுப் பக்கம். அதை அவர் ஏற்கெனவே பார்த்தாயிற்று. இனி உள்ளே வரும் வண்டிகளைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு குடும்பம் எஸ்யூவியில் கேரவனை இழுத்துக்கொண்டு வந்து நின்றால் அவர் உடனே எழுந்துவிட மாட்டார். பொறுமை உள்ளவர். பிள்ளைகள் இறங்கி நீச்சல்குளத்துக்கு ஓட வேண்டும், மனைவி குளியலறை எந்தப் பக்கம் என்று தேடிப் போக வேண்டும், கணவர் நெட்டி முறித்துக்கொண்டு தனியாக நிற்க வேண்டும். அதுதான் வேளை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒருமுறை வலம் வருவார். மாட்டுச் சந்தையில் தரகர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல, பின் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே எத்தனை விரல் இடைவெளி என்று குனிந்து பார்ப்பார். அப்புறம்தான் வாய் திறக்கும்.

“பால் வெயிட் எவ்வளவு, மேட்?”

வாங்க, எந்த ஊர், பயணம் எப்படி என்ற விசாரிப்பு எதுவும் கிடையாது. காரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் 50 மில்லிமீட்டர் இரும்பு உருண்டையின் மேல் கேரவனின் மூக்கு எத்தனை கிலோ அழுத்துகிறது என்பதே அவருக்குத் தெரிய வேண்டியது. கேரவனின் எடையில் பத்தில் ஒரு பங்கு அங்கே உட்கார வேண்டும் என்பது ஆஸ்திரேலியாவில் புழங்கும் கணக்கு. கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும் தப்பில்லை என்று நினைப்பவர் வாத்தியாரை அறியாதவர். தெரியாது என்றால் ஊர்ச் சாலைகளில் போகிற வருகிற எல்லோர் உயிருக்கும் அந்த மனிதர் பொறுப்பாளி ஆகிவிடுவார். இருநூற்றைம்பது என்றால், “தண்ணீர்த் தொட்டி நிரம்பியா, காலியா?” நிரம்பி என்றால், “கேஸ் சிலிண்டர்?” அதுவும் நிரம்பித்தான் என்றால், “எந்த எடைமேடையில் ஏற்றினாய்?” விற்ற கடைக்காரர் சொன்னார் என்று பதில் வரும்போது வாத்தியார் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே அவ்வளவு கேள்வியும் கேட்டார் என்று தோன்றும்.

பாடம் 3,500 என்ற எண்ணிலிருந்து தொடங்கும். லேண்ட் குரூசர் 300, ஃபோர்டு எவரெஸ்ட், இசுசு எம்யூ-எக்ஸ் எல்லாமே அங்கே 3,500 கிலோ இழுக்கும் என்று சொல்லி விற்கப்படுபவை. அந்த எண்ணை நம்பித்தான் பலர் வாங்குகிறார்கள். வாத்தியாருக்கு அதைக் கேட்டாலே காது எரியும். லேண்ட் குரூசர் 300 ஆளும் சாமானும் ஏறிய பிறகு 3,280 கிலோவைத் தாண்டக் கூடாது. அதில் காரின் சொந்த எடையே இரண்டரை டன். ரகத்தைப் பொறுத்து எழுநூறு கிலோ முன்பின் மிஞ்சும். 3,500 கிலோ கேரவனை மாட்டினால் உருண்டையில் 350 கிலோ இறங்கும். அந்த 350 கிலோவைச் சுமப்பது கார். ஆகவே அது காரின் கணக்கிலேயே விழும். கையில் இருந்ததில் பாதி போயிற்று. கங்காரு மோதினால் தாங்குவதற்கான இரும்புத் தடுப்பு, கூரைமேல் கேரியர், ஃப்ரிட்ஜ், இரண்டாவது பேட்டரி என்று மீதியும் கரையும். கடைசியில்தான் கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள். இந்த இடத்தில் வாத்தியாரின் பார்வை நீச்சல்குளத்துப் பக்கம் போகும். “பெரியவன் ஐம்பது இருப்பானா?”

கணக்கு அத்தோடு நிற்பதில்லை. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 95 லிட்டர் தொட்டி இரண்டு நிரம்பினால் 190 கிலோ. மேற்கூரைத் துணி, டூல்பாக்ஸ், பிள்ளைகளின் சைக்கிள், மனைவியின் வார்ப்பிரும்பு வாணலி எல்லாவற்றுக்கும் அவரிடம் கிலோ உண்டு. பீர்ப் பெட்டிக்கு மட்டும் எந்தக் கணக்கிலும் எடை இருந்ததில்லை. நடுநடுவே ஏடிஎம், ஜிடிஎம், ஜிவிஎம், ஜிசிஎம் என்று உதிர்ப்பார். ஏடிஎம் என்பது கேரவன் தனியே நிற்கும்போது இருக்கக்கூடிய உச்ச எடை. ஜிடிஎம் என்பது காரோடு மாட்டியபின் கேரவனின் சக்கரங்கள்மேல் விழக்கூடிய உச்ச எடை. பின்னிரண்டும் காருக்கும், காரும் கேரவனும் சேர்ந்ததற்கும் உரியவை. கேட்பவர் இரண்டாவது எழுத்துக் கூட்டத்திலேயே தொலைந்திருப்பார். அவருக்கு அப்போது தேவைப்படுவது மின்சார இணைப்புக் கம்பியைச் செருகும் இடம் எது என்ற தகவல் ஒன்றுதான். அதை வாத்தியார் சொல்ல மாட்டார்.

எப்போதாவது ஒரு ஜெர்மானியர் எதிரில் அகப்பட்டுவிட்டால் பாடம் தடுமாறும். ஐரோப்பாவில் பொதுவாக உருண்டையில் நூறு கிலோ அளவுக்குள்ளேயே வைக்கிறார்கள். பத்தில் ஒரு பங்கு அங்கே வேதவாக்கு அல்ல. அங்கே கேரவன் எடை குறைவு, ஜெர்மனியில் வேக வரம்பும் வழக்கமாக 80 கிலோமீட்டர், அனுமதி பெற்ற வண்டிக்கே 100. வாத்தியார் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “இது ஆஸ்திரேலியா, மேட்” என்று முடித்துவைப்பார். அது நியாயமான பதில் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஏனென்றால் மனிதர் சொல்வது பெரும்பாலும் சரி. அதுதான் அவரிடம் உள்ள பெரிய தொல்லை. சாமானைப் பின்கோடியில் ஏற்றி மூக்கை இலேசாக்கிய கேரவன், வேகம் கூடியதும் வாலை ஆட்டத் தொடங்கும். ஓட்டுகிறவர் பயந்து கார் பிரேக்கை ஓங்கி மிதித்தால் ஆட்டம் மோசமாகி, கடைசியில் காரையும் சேர்த்துப் புரட்டிவிடும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டாஷ்போர்டில் உள்ள கருவியால் கேரவனின் பிரேக்கை மட்டும் அழுத்த வேண்டும். கனமான சாமான் அச்சுக்கு மேலே, தரையை ஒட்டி இருக்க வேண்டும். இரண்டு டன்னுக்கு மேற்பட்ட டிரெய்லரின் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும். காரிலிருந்து கழன்று ஓடினால் தானாகவே பிரேக் பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும். பிரேக் பற்றியவை சட்டத்திலேயே உண்டு, மற்றவை பௌதிகத்தில் உண்டு. சாதாரணக் கார் லைசென்ஸ் வைத்திருக்கும் எவரும் தனிப் பயிற்சி எதுவும் இல்லாமல் மூன்றரை டன்னை இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறலாம் என்றிருக்கும் நாட்டில், கேட்காமலே சொல்லித்தர ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதை முற்றாகக் குறை சொல்ல முடியாது.

அவருடைய மனைவி இந்த வகுப்புகளுக்கு வருவதில்லை. உள்ளே புத்தகம் படித்துக்கொண்டிருப்பார்.

ராத்திரி மழையில் ஒரு குடும்பத்தின் வண்டி வந்து சேர்ந்து, டிரெய்லர் விளக்கு எரியாமல் திண்டாடினால், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு முதலில் வருபவரும் இவரே. பொருந்தாத பிளக்கையும் சாக்கெட்டையும் இணைக்கும் அடாப்டர் அவரிடம் இருக்கும், ஃபியூஸ் இருக்கும், ஜாக்கி இருக்கும். முழங்கால் சேற்றில் பதிய உட்கார்ந்து, பாதுகாப்புச் சங்கிலியைக் குறுக்காகப் போட்டுக் காட்டுவார். காசு வாங்க மாட்டார். விளக்கு எரிந்ததும் நன்றி சொல்ல வாய் எடுப்பதற்குள், “சரி, பால் வெயிட் எவ்வளவு?” என்பார்.

பார்க்கில் இப்படி இருப்பவர் சாலையில் வேறு ஆள். அங்கே பாடம் யுஎச்எஃப் வானொலிக்கு மாறும். லாரிக்காரர்கள் 40ஆம் சேனலில் இருப்பார்கள், கேரவன்காரர்களுக்கு 18. நலார்பர் சமவெளியைக் கடக்கும் ஏர் நெடுஞ்சாலையில் பாலடோனியாவுக்கும் கைகூனாவுக்கும் இடையே 146.6 கிலோமீட்டர் வளைவே இல்லாத சாலை. அவ்வளவு தூரமும் 18ஆம் சேனலில் பத்தில் ஒரு பங்குக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். பேசுகிறவர் எண்பத்தைந்தில் போவார். அது தவறில்லை, எடை இழுப்பவர் நிதானமாகப் போவதே நல்லது. பின்னால் பத்து வண்டி சேர்ந்திருப்பது மட்டும் அவர் கண்ணாடியில் தெரியாது. நூறு டாலர், இருநூறு டாலர் கொடுத்து இரண்டு பக்கமும் காது மாதிரி நீளக் கண்ணாடி மாட்டியும் தெரியாது. முந்துவதற்கென்று கூடுதல் தடம் போட்ட இடம் வந்ததும், சாலை அகலமாகிவிட்டது என்ற தெம்பில் நூறைத் தொடுவார். தடம் முடிந்ததும் மறுபடி எண்பத்தைந்து.

கூட்டாளிகளோடு போகும்போது நிலைமை இன்னும் மோசம். மூன்று லேண்ட் குரூசர், மூன்று கேரவன், பேசிக்கொண்டே ஒட்டி ஒட்டிப் போவார்கள். பின்னால் வருவது பல டிரெய்லர்களைக் கோத்து இழுக்கும் 53.5 மீட்டர் நீள ரோடு டிரெயின் லாரியாக இருந்தாலும் சரி, குழந்தை அழும் சின்னக் காராக இருந்தாலும் சரி, மூன்றையும் ஒரே மூச்சில் முந்த வேண்டும். நடுவில் நுழைய இடமே இருக்காது. இதில் நகைப்பதற்கு ஒன்றும் இல்லை, இது ஆளைக் கொல்லும் வேலை. ஆஸ்திரேலியச் சாலை விதிகளின்படி, இழுப்பதையும் சேர்த்து 7.5 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள எதுவும் நீள வண்டி. குடியிருப்புகளுக்கு வெளியே, திசைக்கு ஒரே தடம் உள்ள சாலையில், முந்தும் நேரம் தவிர, ஒரு நீள வண்டிக்கும் அதன் முன்னே போகும் நீள வண்டிக்கும் நடுவே 60 மீட்டராவது இடைவெளி வேண்டும். ரோடு டிரெயின் ஓடும் பகுதியில் 200 மீட்டர். லேண்ட் குரூசரும் இருபத்திரண்டு அடி கேரவனும் சேர்ந்தால் பன்னிரண்டு மீட்டருக்குக் குறையாது. விதி லாரிக்கு மட்டும் என்று வாத்தியார் நினைத்துக்கொண்டிருக்கிறார். அது அவருக்கும்தான்.