குளிரூருக்கு எதுக்குக் கூலர்?

கே: ஏப்ரல் சீசனுக்குக் கொழும்பிலிருந்து கூட்டாளிமார் வாறாங்க. பியரில ஏதோ கூலர் கலந்து தரணுமாம். இங்க சுவெட்டர் இல்லாம வாசலுக்கே போக ஏலாது. நமக்கு எதுக்கண்ணே கூலர்?
– நானுஓயா வாசகர்

ப: குளிர் உங்களுக்கு. அவர்கள் மார்ச் முழுக்க வெந்து, ரம்பொடை வளைவுகளில் வாந்தியை அடக்கி, ஏறி வருகிற சனம். கலந்தே கொடுங்கள். ஒரு வசதி, குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை. போத்தலைப் பீலித் தண்ணியில் ஒரு மணித்தியாலம் போட்டாலே போதும். பீலிக்குப் பக்கத்தில் யார் வீட்டுப் பெடியன் நிற்கிறான் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: தேயிலை ஊரில் பியர் என்ன பேச்சு? நம்ம மண்ணுக்குப் பொருந்துமா?
– லிந்துலை வாசகர்

ப: மண்ணுக்கு எது முதலில் வந்தது தெரியுமா? நுவரெலியாவில் பண்ணை போட்டு, இங்கேயே பியர் காய்ச்சிய ஆளென்று சாமுவேல் பேக்கரைச் சொல்வார்கள். பிற்பாடு ஆபிரிக்காவில் நைல் நதியின் மூலம் தேடி அலைந்த அதே பேக்கர்தான். அவர் இந்த ஊரை விட்டுப் போனது 1855இல். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்தது 1867இல். அப்படிப் பார்த்தால் தேயிலைதான் பிந்தி வந்த விருந்தாளி. ஊரிலிருந்த மதுவடிசாலை 1990களில் பியகமவுக்கு இறங்கிவிட்டது. இப்போது நம் மலைப் பியர் லொறியில் மலை ஏறி வருகிறது.

கே: அதனாலதானோ என்னவோ, மூடியைத் திறந்தாலே நுரை பொங்கி மேசை நனையுது!
– ஹட்டன் வாசகர்

ப: பகிடிக்குச் சொன்னாலும் பாதி சரி. கீழே அடைத்த போத்தலை மலையில் திறக்கிறீர்கள். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உள்ளே அடைந்து கிடக்கிற வாயுவுக்குச் சந்தோசம். மீதிப் பாதி, வளைவுகளில் குலுங்கி வந்த கோபம். வந்ததும் திறக்காமல் ஒரு இரவு நிமிர்த்தி வைத்து, நன்றாகக் குளிரவிடுங்கள். கலக்கும்போதும் சாறு, பாணி எல்லாம் முதலில் கிளாசில். பியர் கடைசியில், சாய்த்து, மெதுவாக. பியருக்குள் சீனியைக் கொட்டினால் மேசை மட்டுமல்ல, மடியும் நனையும்.

கே: சரி, கலவை என்ன? சும்மா சுத்தி வளைக்காமச் சொல்லுங்க.
– தலவாக்கலை வாசகர்

ப: சுலபமானது பியரும் ஜிஞ்சர் பியரும் சரிபாதி. வெள்ளைக்காரன் இதற்கு ‘ஷாண்டிகாஃப்’ என்று பெயர் வைத்தான்; பிறகு பெயரைச் சுருக்கி ‘ஷாண்டி’ ஆக்கினான்.

ஆனால் நம்ம ஊர்க் கை ஒன்று இருக்கிறது. நாலு பேருக்கு: இரண்டு விரல் நீள இஞ்சியைத் தட்டி, 300 மில்லிலீற்றர் தண்ணீரில் கொதிக்க வையுங்கள். இறக்கி, மூன்று தேக்கரண்டி தேயிலை போட்டு நாலு நிமிடம் மூடிவைத்து வடியுங்கள். அதற்கு மேல் ஊறினால் கசப்பு. பியரின் கசப்பும் சேர்ந்தால் அது கசாயம். சூட்டிலேயே மூன்று மேசைக்கரண்டி கித்துள் பாணி. ஆறியதும் மூன்று தேசிக்காயின் சாறு. பரிமாறும் நேரத்தில் 625 மில்லிலீற்றர் லாகர் ஒரு போத்தல். கித்துள் பாணி கிடைக்காவிட்டால் சீனி போடலாம், ஆனால் புகை வாசனை வராது. மரத்தக்காளி? வேண்டாம், அதைச் சம்பலுக்கு வையுங்கள்.

கே: செய்தேன். ஆறினதும் சாயம் சேத்துத் தண்ணி மாதிரி கலங்கிப்போச்சு. மானம் போச்சு!
– கொட்டகலை வாசகர்

ப: மானம் போகவில்லை, தேயிலை நல்லது. அதிலுள்ள கபீனும் துவர்ப்புச் சத்தும் குளிரில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால்தான் கலங்கல். திடமான சாயத்தில்தான் இது நன்றாகத் தெரியும். கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டால் தெளியும். தேசிக்காய் பட்டதும் நிறமும் வெளுக்கும். யாராவது கேட்டால், ‘தூள்’ குடித்துப் பழகியவர்களுக்கு இது புரியாது என்று சொல்லுங்கள்.

கே: இப்படிக் கலந்தா ஏறாதுதானே? எத்தனை கிளாஸ் வேணும்னாலும் அடிக்கலாமா?
– பொகவந்தலாவை வாசகர்

ப: கலந்தால் காரம் குறையும், கணக்குக் குறையாது. 4.8 வீத லாகரில் அந்த ஒரு போத்தலுக்குள் 30 மில்லிலீற்றர் தனி மது இருக்கிறது. நாலு கிளாசாகப் பிரித்தால் தலைக்கு ஏழரை. நீங்களே நாலையும் விழுங்கினால் முப்பதும் உங்களுக்கு. லாகருக்குப் பதிலாக 8.8 வீத ஸ்ட்ரோங் போத்தலை ஊற்றி ‘கூலர்’ என்று நீட்டினால் அது கலவையே இல்லை, களவு. கிளாசில் என்ன இருக்கிறதென்று வந்தவனுக்குத் தெரிய வேண்டும். வண்டி ஓட்டி வந்தவனுக்குச் சாயம் மட்டும்.

கே: எங்க வீட்டுக்காரர் இதைப் படிச்சிட்டு, “பார், பேப்பர்லயே போட்டிருக்கு” என்கிறார். பெரட்டுக்குப் போய்க் கொழுந்து பறிச்சு வாறவ நான். என்ன செய்ய?
– மஸ்கெலியா வாசகி

ப: அக்கா, மன்னிக்கணும். சம்பள நாளன்று லயத்தில் நடப்பது எனக்கும் தெரியும். அதற்குக் கூலர் என்று பெயர் வைக்க மாட்டேன். இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படாமல் கிழித்து அடுப்புக்குப் போடுங்கள். நான் கோபிக்க மாட்டேன்.

கே: பத்துப் பேரைக் கூப்பிட்டாச்சு. இப்பத்தான் கலண்டரைப் பார்த்தேன், அன்றைக்குப் போயா! கடை பூட்டு!
– இராகலை வாசகர்

ப: இஞ்சிச் சாயம், கித்துள், தேசிக்காய் மூன்றும் உண்டல்லவா? லாகர் இருந்த இடத்தில் சோடாவை ஊற்றுங்கள். யாரும் கேட்காத வரைக்கும் நீங்களாக வாய் திறக்க வேண்டாம். இரண்டாம் கிளாசில் ஒருவன் “மச்சான், லேசா ஏறுது” என்பான். அவன் பெயரை எனக்கு எழுதி அனுப்புங்கள்.