காபிக் குடுவைக்குப் பூட்டு, குழந்தைக்குத் தாலாட்டு

மேன்மை தங்கிய அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் சமூகத்துக்கு,

பெற்றோருக்குத் தாங்கள் அருளியிருக்கும் அறிவுரையைப் படித்துப் புல்லரித்துப் போனேன். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு விமானத்தில் பத்திரமான இடம் மடி அல்ல, குழந்தைகளுக்கென்று உள்ள தனி இருக்கைதான். திடீரென்று விமானம் குலுங்கினால் உங்கள் கைகளால் பிள்ளையைப் பிடித்துவைக்க முடியாது என்கிறீர்கள். பெற்றவளின் முகத்துக்கு நேரே 'உன் கைக்குத் திராணி போதாது' என்று சொல்ல எல்லா அரசுக்கும் துணிச்சல் வராது. சொன்ன சூட்டோடு, அந்தத் திராணியில்லாத கையிலேயே பிள்ளையை வைத்துக்கொள்ள அனுமதியும் கொடுத்திருக்கிறீர்களே, அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் சாப்பாட்டுப் பலகையை மடிக்க வேண்டும், கைப்பை இருக்கைக்கு அடியில் போக வேண்டும், தள்ளுவண்டியையும் காபிக் குடுவையையும் அதனதன் பொந்தில் தாழிட வேண்டும். எல்லாம் தங்கள் விதிகள். கட்டாமல் வர உரிமை பெற்றது குழந்தை மட்டும்தான்.

குலுங்குவதை ஊஞ்சலாட்டம் என்று நினைப்பவர்கள் தங்கள் அலுவலகத்தில் இருக்க மாட்டார்கள். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியான்மர் வானில், 37,000 அடி உயரத்தில் குலுங்கியதை சிங்கப்பூர் விசாரணையாளர்கள் நொடிக் கணக்காக எழுதி வைத்திருக்கிறார்கள். பெல்ட் விளக்கைப் போட்டாயிற்று என்று விமானி சொன்ன 8-வது நொடியில், புவியீர்ப்பைப் போல் 1.35 மடங்காக இருந்த விசை 0.6 நொடிக்குள் தலைகீழாகி எதிர்ப்பக்கம் 1.5 மடங்கானது. பெல்ட் போடாதவர்கள் மேலே போனார்கள். அடுத்த 4 நொடிக்குள் விசை மறுபடி புரள, கீழே விழுந்தார்கள். 73 வயதுப் பயணி ஒருவர் இறந்துபோனார். இந்தக் கணக்கில் 10 கிலோ குழந்தையைப் போட்டுப் பாருங்கள். மடியில் பதின்மூன்றரைக் கிலோவாக அழுந்திக் கிடந்த பிள்ளை, கண் இமைப்பதற்குள் 15 கிலோ இழுப்போடு கூரையை நோக்கிக் கிளம்பும். அந்த நேரம் தாய் ஒரு கையால் பால் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருக்கலாம். காபிக் குடுவைக்கு இந்தக் கவலை கிடையாது.

தங்கள் பக்க நியாயமும் தெரியும். தனி டிக்கெட் கட்டாயமானால் செலவுக்கு அஞ்சிக் குடும்பங்கள் காரில் கிளம்பும், சாலையில்தான் சாவு அதிகம் என்று சொல்லி 2005-ல் பேச்சை முடித்தீர்கள். சாலையில் ஆபத்து அதிகம் என்பது உண்மைதான். ஆனால் இந்தக் கணக்கு பிள்ளையின் இரண்டாவது பிறந்தநாளன்று எங்கே போய் ஒளிந்துகொள்கிறது? அன்று முதல் தனி இருக்கை, தனி பெல்ட், தனி டிக்கெட். அப்போது மட்டும் அந்தக் குடும்பத்துக்குக் கார் ஓட்டத் தெரியாதா? மடிக்குழந்தைகள் சாவது மிக அபூர்வம் என்றும் ஒரு வாதம் உண்டு. வாஸ்தவம். குடுவை தெறித்து எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டா அதற்குத் தாழ்ப்பாள் போட்டீர்கள்?

1989-ல் அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் விமானம் விழப்போகிறது என்று தெரிந்ததும் மடிக்குழந்தைகளைத் தரையில் கிடத்தச் சொன்னார்கள். அன்றைய நடைமுறை அது. நான்கில் ஒன்று இறந்தது. மறு வருடமே குழந்தைகளுக்குக் கட்டாயப் பாதுகாப்பு இருக்கை வேண்டும் என்று தங்கள் நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பரிந்துரைத்தது. 1994-ல் சார்லட் நகரில் நடந்த விமான விபத்தில் தாயின் கையிலிருந்து தெறித்த 9 மாதக் குழந்தை செத்தது. 1997-ல் வெள்ளை மாளிகை அமைத்த குழுவே இந்த மடிக்குழந்தைச் சலுகையை எடுத்துவிடச் சொன்னது. இன்னும் என்ன வேண்டும் உங்களுக்கு? கையால் முடியாது என்று தெரியும், தெரிந்தும் கையில் கொடுக்கிறீர்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் 'நாங்கள்தான் அப்போதே சொன்னோமே' என்று அந்தத் தாயிடமே நீட்டத்தானே இந்த அறிவுரை?

பொறுத்தருள வேண்டும், குரல் சற்றுக் குலுங்கிவிட்டது. சட்டத்தைத் திருத்துவது சிரமம் என்றால் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் காபிக் குடுவை இனத்தில் சேர்த்து ஒரு சுற்றறிக்கை விடுங்கள். மற்றதைத் தங்கள் பழைய விதிகளே பார்த்துக்கொள்ளும். பிடிப்பதற்குக் காது இல்லையே என்ற தயக்கம் வேண்டாம். குடுவைக்கு ஒன்று, குழந்தைக்கு இரண்டு.

இப்படிக்கு,
பெல்ட்டைத் தளர்த்தாத அடியேன்