ஆட்டுத்தொடைக் கை

ஃபேஷன் வரலாறு படிப்பதில் ஆபத்து ஒன்றுமில்லை. படித்த கையோடு தையல் மெஷினைத் தூசு தட்டுவதில்தான் இருக்கிறது.

ஐரோப்பாவில் 1830களில் பலூனாக ஊதி, பிறகு வற்றி, 1895 வாக்கில் மறுபடி ஊதிய ஒரு சட்டைக்கை உண்டு. தோளில் உப்பலாகத் தொடங்கி, முழங்கைக்குக் கீழே ஒட்டிக்கொள்ளும். பெயரே ஆட்டுத்தொடைக் கை. நாகரிகத்தின் உச்சியில் இருந்த சீமாட்டிகளே கசாப்புக் கடைப் பெயருக்குக் கூசவில்லை, எனக்கென்ன வந்தது?

அதை ரவிக்கையில் வைப்பதற்குச் சரித்திர நியாயமும் கைவசம் இருந்தது. விக்டோரியா காலத்து உப்பல் கையைச் சேலையோடு அணிந்த வங்காளப் பெண்களின் பழைய புகைப்படங்களைப் பார்த்திருக்கிறேன். தாகூர் குடும்பத்து ஞானதானந்தினி தேவி, பம்பாயில் கற்ற பார்சி பாணிச் சேலைக்கட்டை வங்காளத்தில் பரப்பிய கதையையும் வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

80 சென்டிமீட்டர் ரவிக்கைத் துணி வாங்கினேன். ஒரு கையை வெட்டியதுமே முக்கால்வாசி காலி. இன்னொரு கைக்கு ஒட்டுப் போட்டேன். பாபினில் நூல் சிக்கியது மூன்று முறை, பிரித்துத் தைத்தது நான்கு முறை. தோளில் நிற்க வேண்டிய சுருக்கு தொய்ந்து முழங்கையில் இறங்கிவிட்டது.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "தொடைன்னா சொன்னே? நல்லியெலும்பு மாதிரியில்ல இருக்கு."

தெருமுனைத் தையற்காரரிடம் போய், 1830களில் தொடங்கி முழுவதையும் விளக்கினேன். காதில் சொருகிய பென்சிலை எடுக்காமல் பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரிம்மா, அளவு ரவிக்கை கொண்டாந்தீங்களா?"