அலுமினியத் தடம்

கேள்வி: போர்க்காலத்தில் எதிரி சுட்டால்தான் சரக்கு விமானம் விழுமா? மேகம் மூடிய மலையைப் பார்த்ததும் வந்த சந்தேகம்.
– ஒரு வாசகர், குற்றாலம்

பதில்: இரண்டாம் உலகப் போரில் எதிரியைவிட மலையும் மேகமும் இயந்திரக் கோளாறுமே அதிகம் வீழ்த்திய பாதை ஒன்று உண்டு. 1942-இல் பர்மாவை ஜப்பான் பிடித்ததும் சீனாவுக்கான தரைவழி அடைபட்டது. அசாமின் சாபுவா, தின்ஜான் தளங்களிலிருந்து குன்மிங்குக்கு அமெரிக்க விமானங்கள் பெட்ரோலும் குண்டும் சுமந்தன. இடையிலிருந்த இமயத்தின் கிழக்குக் கோடிக்கு விமானிகள் வைத்த பெயர் 'திமில்'. அடக்க முடியாத காளைதான். தென்காசிக்குத் தெற்கே அகத்தியமலை 1,868 மீட்டர். திமிலின் முதன்மைத் தொடரோ சுமார் 4,500.

குற்றாலச் சாரல் தோளில் கிடக்கும் துண்டை நனைப்பதோடு சரி. அங்கே மேகம் இறக்கையில் பனிக்கட்டியாய் ஒட்டும். எடை கூடும், இறக்கையின் வடிவம் கெடும், தூக்குவிசை குறையும். பி-24 குண்டுவீச்சு விமானத்தைப் பெட்ரோல் டேங்கராக மாற்றி சி-109 என்று எண்ணிட்டார்கள். ஓட்டியவர்கள் கடைசி ஒன்பதை எடுத்துவிட்டு 'டமால்' சேர்த்துக்கொண்டார்கள்.

1945 நவம்பரில் பணி முடிந்தபோது போய்ச் சேர்ந்த சரக்கு ஏறத்தாழ 6.5 லட்சம் டன். இழந்த விமானங்கள் 600-ஐ ஒட்டி. வெயில் நாளில் பள்ளத்தாக்குகளில் மின்னிய உடைசல்களைப் பார்த்தே வழிபிடிக்கலாம் என்பார்களாம். பாதைக்கே 'அலுமினியத் தடம்' என்று பெயராயிற்று.