போல்ட்டுக்கு விழுந்த வழுக்கை

ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்ற லேபர் மட்டும் 100 ரூபாய் என்றார் மெக்கானிக். அடியில் இருக்கும் ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றி மாட்ட நூறா! ரோஷம் பொத்துக்கொண்டு வர, நேராகப் பிளாட்பாரக் கடைக்குப் போய் 350 ரூபாய்க்கு ஒரு பாக்ஸ் ஸ்பானர் செட் வாங்கினேன். இந்தக் கணக்கு உங்களுக்கு எங்கே இடிக்கிறதோ, என் மனைவிக்கும் அங்கேதான் இடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, பேப்பரை விரித்து வண்டிக்குப் பக்கத்தில் படுத்தேன். போல்ட்டுக்கு ஆறு மூலை. என் ஸ்பானருக்குள் பன்னிரண்டு பல். இரண்டு மடங்கு பல் என்றால் இரண்டு மடங்கு பிடிதானே? அழுத்தினேன். 'கறக்' என்றது. கழன்றுவிட்டது என்று பூரித்து, இன்னும் நாலு சுற்று சுற்றினேன். சுற்றியது ஸ்பானர் மட்டும்தான். போல்ட்டின் தலை, என் தலை மாதிரியே வழவழவென்று ஆகியிருந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு அதே மெக்கானிக்கிடம் போனேன். அவர் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை. சிரிப்பை அடக்க நேரம் வேண்டுமே.

"பன்னெண்டு பல்லு இடுக்குல வசதி சார். 30 டிகிரி திருப்புனா எடுத்து மறுபடி மாட்டிக்கலாம், ஆறு பல்லுக்கு 60 வேணும். ஆனா மட்டமான செட்டுல அது மூலையைத்தான் புடிக்கும். மூலையில இரும்பு எவ்ளோ இருக்கும்? மழுங்கத்தான் செய்யும்."

அவருடைய ஸ்பானருக்குள் ஆறே முகம். மூலைகளைக் கொஞ்சம் குடைந்து விட்டிருந்தார்கள். போல்ட்டின் மூலையை அது தொடாது. சற்றுத் தள்ளி, தட்டையான பக்கத்தில் அழுத்தும். அமெரிக்காவில் ஸ்நாப்-ஆன் கம்பெனிக்காரர்கள் 1960களிலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்களாம். எனக்குச் சேதி வந்து சேர அறுபது வருஷம் ஆகியிருக்கிறது.

மாட்டினார், ஒரு தட்டுத் தட்டினார், திருப்பினார். வந்துவிட்டது. நான் கெடுக்காமல் விட்டுவைத்தது அந்தத் தட்டைப் பக்கம் ஒன்றைத்தான். என் ஸ்பானருக்கு அது எட்டவில்லை.

"சார், ஒண்ணு கேக்கலாமா? கழட்டப் பாத்தீங்களா, இறுக்கப் பாத்தீங்களா?"

லேபர் 100, புது போல்ட் தனி. பழைய போல்ட்டை அவர் திருப்பித் தரவில்லை. நேற்று அந்தப் பக்கம் போனேன். தொழில் பழகும் பையனிடம் அதைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பையன் போல்ட்டைப் பார்த்தான், நிமிர்ந்து என்னைப் பார்த்தான், மறுபடி போல்ட்டைப் பார்த்தான்.